கிட்டப்பாவின் குரலும் சாரல் மாதத்துப் பார்சலும்

செங்கோட்டை கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, 27 வயதில் போய்விட்டார். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவர் பேசும்படத்தில் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இன்று சாட்சியாக இருப்பவை கிராமபோன் தட்டுகள்தாம். மேடையில் ஒரு பாட்டை மணிக்கணக்கில் இழைத்துப் பாடிய மனிதர், 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு உரிய 3 நிமிடத்துக்குள் தியாகராஜரின் 'எவரனி'யை அடக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த 3 நிமிடத்தைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கும்.

குரல் செங்கோட்டையில் பிறந்தது. தட்டு ஒருநாளும் இங்கே பிறந்ததில்லை. 1904-இல் கொல்லம் ரயில் பாதை மலையைக் குடைந்து வந்த பிறகு, தட்டு இந்த ஊருக்கு வந்து இறங்கும் சரக்காகவே இருந்திருக்கிறது. இங்கிருந்து புறப்படும் சரக்காக ஆனதே இல்லை. உலகம் முழுக்க வினைல் தட்டுக்கு மறுபடி மவுசு வந்திருக்கும் இந்தக் காலத்தில், செங்கோட்டையிலோ தென்காசியிலோ இருந்துகொண்டு ஒரு சிறு இசை நிறுவனம் தட்டு போட்டு நாலு திசைக்கும் அனுப்ப முடியுமா என்பதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது. முடியும் என்பது என் முடிவு. ஆனால் 'சுயேச்சை' என்ற சொல்லை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. தட்டை அச்சடிக்கும் எந்திரத்தில் அதை வைத்தால் கதை அன்றே முடிந்தது. எதைப் பதிவு செய்வது என்ற தேர்விலும், கேட்பவர் வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் வேலையிலும் வைத்தால் கதை தொடங்குகிறது.

நம் நாட்டுத் தட்டுகளின் வரலாறே இதற்குச் சான்று. பாடகி கௌகர் ஜான் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடியதை கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் பதிவு செய்தபோது, அச்சடிக்க அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறின. தட்டுக்கு உயிரான அரக்கு நம் நாட்டுச் சரக்கு. புரசிலும் இலந்தையிலும் பூச்சி கட்டும் பிசின் அது; சோட்டா நாக்பூர் காட்டுமக்கள் சுரண்டிச் சேர்த்தது. அந்த அரக்கு கடல் கடந்து போய், கல்மாவும் கரித்தூளும் பஞ்சிழையும் சேர்த்துப் பிசையப்பட்டு, நம்மவர் பாட்டைச் சுமந்துகொண்டு நமக்கே விலைக்கு வந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்தது. 1920-களின் இறுதியில் டம்டம்முக்கு மாறியது. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஈ.எம்.ஐ. என்ற ஒரே குடைக்குள் வந்தபின், மேலே ஒட்டிய லேபிள் பல, அடியில் அச்சு ஒன்று என்ற நிலை ஏற்பட்டது.

அந்த நிலையிலும் சென்னையில் சிறு நிறுவனங்கள் முளைத்தன. ஏவி.எம். என்று பின்னால் பெயரெடுத்த ஏ.வி.மெய்யப்பன், காரைக்குடிக் கடையிலிருந்து சென்னைக்கு வந்து, 1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் தட்டுகளுக்கு ஏஜென்ட் என்பது அதன் முகம். யாரைப் பாடவைப்பது, எந்த நாடகத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்து 'செட்' ஆக்குவது என்று முடிவெடுத்தது அதன் மூளை. ஹட்சின்ஸ், பிராட்காஸ்ட் போன்ற பெயர்களும் அந்தக் காலத்துத் தமிழ்த் தட்டுகளில் சுழன்றன. சரஸ்வதி ஸ்டோர்ஸுக்குச் சொந்தமாக அச்சாலை கிடையாது. காதும் கணக்கும் இருந்தன. எந்தப் பாட்டு எந்த ஊரில் விற்கும் என்று தெரிந்திருந்தது. சினிமாவுக்கு முதல் போட்டு இறங்க அந்தத் தெளிவுதான் மெய்யப்பனுக்குத் துணை நின்றது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துக் கடைகள் வெளியூருக்குச் சரக்கு அனுப்பிய முறையையும் சொல்ல வேண்டும். வி.பி.பி. என்ற ஏற்பாடு 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொள்ள வேண்டியது. பணம் கடைக்குப் போய்ச் சேரும். இன்றைக்குப் பெரிதாகப் பேசப்படும் கேஷ் ஆன் டெலிவரிக்கு அதுவே பாட்டன். செங்கோட்டையோ அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். திருவிதாங்கூருக்கு 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால் துறை இருந்தது. 1951-இல்தான் இந்தியத் தபாலோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. கிட்டப்பா வாழ்ந்த நாளெல்லாம் இந்த ஊர் சமஸ்தானத்து ஊர். அவர் புகழ் வளர்ந்ததோ மதுரையிலும் சென்னையிலும் கொழும்பிலும். பாடகி கே.பி.சுந்தராம்பாளை அவர் சந்தித்ததும் கொழும்பில்தான். இந்த ஊர்ப் பாட்டு எப்போதும் எல்லை தாண்டித்தான் வாழ்ந்திருக்கிறது.

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா 33⅓ சுற்று எல்.பி.யைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டைப் போட்டது. இரண்டுக்கும் பொருள் வினைல். நம் நாட்டில் அரக்குத் தட்டு 1960-கள் வரை உயிரோடிருந்தது. அதன்பின் வந்த காலம் மைக்செட்காரர்களின் காலம். சிற்றூரில் தட்டு வாங்கியவர் யார் என்று கேட்டால், மிராசுதார் வீட்டைச் சொல்வதைவிட மைக்செட்காரரைச் சொல்வதே சரி. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அவர்தான் தட்டை வாங்கி, தேயத் தேய ஓட்டினார். பாட்டுத் தட்டோடு ஒலிச்சித்திரத் தட்டும் வாங்கினார். 'திருவிளையாடல்' வசனம் கேட்டே மனப்பாடம் ஆனவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். ஒரே தட்டை ஊரே கேட்டது. இன்றைய வாங்குபவர் அப்படியில்லை. ஒருவர் ஒரு தட்டை வாங்கித் தனியே உட்கார்ந்து கேட்கிறார். விற்பனைக் கணக்குப் போடுகிறவர் இந்த வேறுபாட்டை மறந்தால் கையைச் சுட்டுக்கொள்வார்.

1980-களில் கேசட் வந்து தட்டை ஓரங்கட்டியது. சங்கீதா, எக்கோ போன்ற சென்னை நிறுவனங்கள் தட்டிலும் கேசட்டிலுமாகக் கால் வைத்து நின்றன. ஒன்றை இங்கே நேராக ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் சிறு நிறுவனங்களுக்கு உண்மையான விடுதலை கொடுத்தது கேசட்தான். வில்லுப்பாட்டும் சாமி பாட்டும் அச்சாலையின் தயவில்லாமல் ஊர் ஊராகப் பரவியது அதனால். தட்டு ஒருநாளும் ஏழைக்கு எளிய பண்டமாக இருந்ததில்லை. அப்படியானால் ஏன் தட்டு? கேசட்டின் நாடா நம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கெட்டது. கைபேசியில் வரும் பாட்டுக்குப் பாடியவர் பெயர்கூட நிற்பதில்லை. 90 ஆண்டுக்கு முந்தைய கிட்டப்பா தட்டை இன்றும் ஊசி வைத்துக் கேட்கலாம். கோயில் கொடையில் பாடும் ஒரு கணியான் கூத்துக் கலைஞரின் குரலை அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால், இதைவிட நம்பகமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

இனி செய்முறை. அலுமினியத் தகட்டில் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய 'லேக்கர்' ஒன்றை எடுத்து, மாணிக்க அல்லது நீலக்கல் முனையால் பாட்டை வரித்தடமாக வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் தொட்டியில் இறக்கி, தடிமனாக நிக்கல் ஏறியதும் பிரித்தெடுத்தால் தந்தை அச்சு. தந்தையிலிருந்து தாய் அச்சு, தாயிலிருந்து தட்டு அடிக்கும் அச்சுத் தகடு. சூட்டில் இளகிய பி.வி.சி. உருண்டையை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து, 100 டன் அளவு அழுத்தத்தில் நசுக்கினால், அரை நிமிடத்தில் தட்டு ஆகிவிடும். நடுவில் இருக்கும் காகித லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. முன்கூட்டியே சூட்டில் வறுத்து ஈரம் போக்கி வைத்திருப்பார்கள். அழுத்தும்போதே அது வினைலோடு சேர்ந்துவிடும். வறுப்பதில் குறை வைத்தால் லேபிள் கொப்பளிக்கும்.

ஒரு தட்டு அடித்தாலும் 300 அடித்தாலும் வெட்டுக்கூலியும் முலாம் செலவும் அதேதான். அதனால்தான் எந்த ஆலையும் இத்தனைக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்று கணக்கு வைத்திருக்கிறது. 100 முதல் 500 வரை இடத்துக்கு இடம் மாறும். லேக்கர் தகடு செய்கிறவர்களோ உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவு. 2020 பிப்ரவரி 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பேனிங் ஊரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை தீக்கிரையானபோது, மிஞ்சியது ஜப்பானின் எம்.டி.சி. ஒன்றுதான். அன்று தட்டுத் தொழில் முழுக்கக் கதிகலங்கியது. நேரடியாகச் செம்பில் வெட்டும் முறையும் உண்டு. உலகின் மிகப் பெரிய தட்டு ஆலையான செக் நாட்டு ஜி.இசட். மீடியா அதை நடத்துகிறது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024-இல் மும்பையில் ஒரு தட்டு ஆலை ஓடத் தொடங்கியது நமக்கு நல்ல சேதி. வெளிநாட்டில் அடித்தால் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் கப்பல் கூலியும் சேர்ந்து தட்டின் விலையை ஏற்றிவிடும். முதல் சாம்பிளைக் கேட்டுத் திருத்தம் சொல்லவும் மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொரு வழி, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசல் எந்திரத்தில் வெட்டுவது. டெல்லியின் அமர்ரஸ் ரெக்கார்ட்ஸ் ராஜஸ்தானி நாட்டுப்புறக் கலைஞர்களுக்காக இந்த வழியில் போனது. 40 நிமிடப் பாட்டை வெட்ட 40 நிமிடம் பிடிக்கும். ஆர்டர் வந்த பிறகு வெட்டினால் போதும், சரக்கு தேங்காது. செங்கோட்டை போன்ற ஊருக்கு முதல் அடியாக இது மனசுக்குப் பிடித்த வழி. ஆனாலும் நான் 300 தட்டு அச்சடிக்கவே சொல்வேன். கையால் வெட்டும் தட்டின் தரம் வெட்டுகிறவரின் கைத்திறனைப் பொறுத்தது. அப்படி ஒரு கை இங்கே உருவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். கலைஞரின் குரலை வைத்துப் பழகிப் பார்க்கக் கூடாது.

பாட்டை வரிசைப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டின் வெளி வட்டத்தில் ஊசி ஒரு சுற்றில் அதிக நீளம் ஓடும்; உள்ளே போகப் போகத் தடம் சுருங்கி, உச்சக் குரலும் 'ஸ' ஓசையும் பிசிறடிக்கும். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஒலி மெலியும். நாகஸ்வரமும் தவிலும் உள் வட்டத்தில் வந்தால் இரைச்சலாகும். அதனால் முழங்குவதை வெளியேயும் தனிக்குரலில் மெல்லப் போவதை உள்ளேயும் வைப்பது நல்லது. வில்லுப்பாட்டுக் கதை 20 நிமிடத்தில் முடியாது. எந்த இடத்தில் நிறுத்தித் தட்டைத் திருப்புவது என்று புலவரிடமே கேட்டு முடிவெடுக்க வேண்டும். மேடையில் வில்லை வைத்துவிட்டு மூச்சு வாங்கும் இடம் அவருக்குத்தான் தெரியும்.

உரிமைச் சட்டம் சிறு நிறுவனத்துக்குச் சில இடத்தில் தோழன், சில இடத்தில் சுவர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. கிட்டப்பாவின் தட்டுகள் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. ஆனால் பதிவு வேறு, பாட்டு வேறு. பாட்டை எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடல்களுக்குத் தடையில்லை. 1952-இல் மறைந்த மதுரகவி பாஸ்கரதாஸுக்கும் காலம் கடந்துவிட்டது. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல் என்றால் உரிமையாளரைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

புதுப் பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்வதற்குச் சட்டத்தின் 31சி பிரிவு கட்டாய அனுமதி ஒன்றைத் தருகிறது. பாட்டின் முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். கடைசியாக வந்த பதிவு எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வடிவம் வழக்கொழிந்திருந்தால் மட்டும் விலக்கு. இதற்கெல்லாம் மேலாக, ஒரு பாட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பிரதிக்காவது ராயல்டி கட்ட வேண்டும். 300 தட்டு போடுகிறவரிடம் 50,000 தட்டுக்குப் பணம் கேட்கும் சட்டம் சிறியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. மொழியையும் வட்டார வழக்கையும் பார்த்து இந்த எண்ணைக் குறைக்க அதிகாரம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிச் சிறு நிறுவனங்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் இந்த வட்டாரத்திலேயே யாரிடமும் கை நீட்டாமல் எடுத்துப் பாடக்கூடியவை குவிந்து கிடக்கின்றன. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இருக்கிறது. செங்கோட்டை ஆவுடையக்காளின் வேதாந்தப் பாடல்கள் இருக்கின்றன. இளம் வயதில் கணவனை இழந்த ஒருத்தி பாடி, அவளைப் போன்ற பெண்கள் அடுப்படியிலும் திண்ணையிலும் வாய் வழியாகக் காத்துத் தந்தவை. ஆவுடையக்காள் பாட்டைக் கேட்டு வளர்ந்த பெண்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். மிருதங்கம் வேண்டாம், தம்பூரா கூட வேண்டாம். வயதான ஒரு குரலும் அமைதியான ஓர் அறையும் போதும். அறையின் அமைதிதான் பெரும்பாடு. கேரளாவுக்கு மணலும் கல்லும் ஏற்றிப் போகும் லாரிகள் இரவெல்லாம் புளியரைச் சாலையில் ஓடுகின்றன.

கிட்டப்பாவுக்கு வருவோம். 40 நிமிட எல்.பி. ஒன்றில் அவருடைய தட்டுகளில் 6 அல்லது 7-ஐ இரண்டு பக்கமும் சேர்த்து அடக்கலாம். தேயாத பிரதி கிடைக்க வேண்டும். கிராமபோன் தட்டின் தடம் அகலமானது என்பதால் அதற்குரிய ஊசியால் ஓட்ட வேண்டும். கீறல் சத்தத்தைக் கழிக்கும்போது குரலின் கார்வையும் சேர்ந்து போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் இந்தக் கடைசி விஷயத்தில் தவறுகிறார்கள். இரைச்சல் முழுக்கப் போன கிட்டப்பா, தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிறவர் போல இருக்கிறார். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டு கைக்கு வந்துவிட்டது. இனி அனுப்ப வேண்டும். 12 அங்குலத் தட்டு 140 கிராம். உறையும் அட்டையும் சேர்ந்தால் கால் கிலோவை ஒட்டி வரும். 300 தட்டு என்றால் முக்கால் குவிண்டால். வீட்டில் அதைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது. பாரம் தாங்காமல் கீழே இருப்பது வளையும். புத்தகம் போல நிறுத்தி வைக்க வேண்டும். இந்த ஊரில் சித்திரை வெயிலும் கெடுதல், ஆடிச் சாரலும் கெடுதல். வெயிலில் நின்ற வண்டிக்குள் வைத்த வினைல் கிண்ணம் போல் வளையும். சாரல் காலத்தில் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டையில் பூஞ்சை பூக்கும். குற்றாலத்தில் அருவி விழுவது ஊருக்கு வருமானம். அட்டை உறைக்கு அது சத்துரு.

எனக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த தட்டின் உறை, மேல் விளிம்பில் கத்தியால் கீறியது போலப் பிளந்திருந்தது. வழியில் பெட்டி குலுங்கக் குலுங்க, உள்ளே இருந்த தட்டே அட்டையை அறுத்திருக்கிறது. தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, தனி உள்ளுறையில் போட்டு, அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. அன்றிலிருந்து நான் யாருக்கு அனுப்பினாலும் அப்படித்தான் கட்டுகிறேன். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, அவற்றின் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி. நான்கு மூலையிலும் ஒரு விரல் இடம். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை, ஏனென்றால் சாரல் பார்சலை விட்டுவைக்காது. கட்டி முடித்தால் அரைக் கிலோ. புத்தகத்துக்குத் தபால் துறை தரும் சலுகைக் கட்டணம் தட்டுக்குக் கிடையாது. பாட்டுப் புத்தகத்துக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உள்நாட்டுக்கு அஞ்சலகமும் கூரியரும் போதும். மொத்தமாகச் சென்னைக் கடைகளுக்கு அனுப்ப, செங்கோட்டையிலிருந்தே புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மேற்கே, 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக மூடிய புனலூர் மலைப்பாதை 2018-இல் திறந்துவிட்டதால் கொல்லமும் கொச்சியும் பக்கத்தில். சிக்கல் வெளிநாட்டில்தான். இப்படிப்பட்ட தட்டுக்கு விலை கொடுக்க மனமும் வசதியும் உள்ளவர்களில் பாதிப் பேராவது சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள் என்பது என் ஊகம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்குத் தந்துவந்த சுங்க விலக்கை எடுத்தபோது, நம் தபால் துறை அந்நாட்டுக்கான பொதிகளை வாங்குவதையே நிறுத்தியது. அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் அந்த இரண்டு மாதத்தைத் தாங்கின. வீட்டில் முக்கால் குவிண்டால் தட்டை நிறுத்தி வைத்திருக்கும் ஒருவர், பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் 60 பேருக்கு என்ன பதில் எழுதுவார்? அதனால் வெளிநாட்டுக்கு ஒவ்வொன்றாக அனுப்புவதைவிட, 20 தட்டை ஒரே பெட்டியில் அந்த ஊர் நண்பர் ஒருவருக்கு அனுப்பி, அங்கிருந்து பிரித்துக் கொடுப்பதே நல்லது. கூலியும் குறையும், மூலை நசுங்குவதும் குறையும். அங்கே தமிழ்ச் சங்கம் இல்லாத நகரம் அரிது. பொங்கல் விழாவில் ஒரு மேசை போட்டால் 20 தட்டு போய்விடும்.

முன்பதிவு வாங்கி அச்சடிப்பது சிறு நிறுவனத்துக்கு உயிர்க்கயிறு. 300-இல் 150 பேர் பணம் கட்டிவிட்டால் வெட்டுக்கூலியும் முலாம் செலவும் பெருமளவு தேறும். ஆனால் அந்தப் பணத்தில் முதல் பங்கு பாடியவர்களுக்குப் போக வேண்டும், தட்டு விற்ற பிறகு அல்ல, பதிவு முடிந்த அன்றே. கணியான்களும் வில்லுப்பாட்டுப் புலவர்களும் கேசட் காலத்தில் ஒரே தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். அதற்குமேல் எத்தனை விற்றது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. 300 தட்டுக்கும் எண் போட்டு, அந்த எண் பட்டியலின் ஒரு பிரதியைக் கலைஞரின் வீட்டில் கொடுத்துவைப்பது பெரிய செலவில்லை.

நாள் பார்ப்பதென்றால், பதிவைப் பங்குனிக்குள் முடித்துவிடலாம். சாரல் தொடங்கிவிட்டால் ஓட்டில் விழும் தண்ணீர்ச் சத்தம் மைக்கில் ஏறும். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் தட்டு மும்பையில் அச்சில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குமுன் புரட்டாசியில் சரக்கு வந்து சேர்ந்தால், ஈரம் அண்டாத உள்ளறையில் நிறுத்தி வைத்து, தையில் வெயில் ஏறியதும் கட்டத் தொடங்கலாம். முதல் பார்சல் ஆவுடையக்காள் பாட்டைப் பாடிக் கொடுத்த அந்த அம்மாவின் வீட்டுக்கு. அவர் வீட்டில் தட்டு ஓட்டும் பெட்டி இருக்காது. அதையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.